பீரோ கதவு தானாகத் திறக்கும் வீடுகள்

தரை வேலைக்கு ஆள் கூப்பிடுகிறவர்கள் ஒருவரும் தரையைப் பற்றிப் பேச்சை ஆரம்பிப்பதில்லை; பீரோ கதவு தானாகத் திறந்துகொள்கிறது என்றுதான் ஆரம்பிப்பார்கள். முதலில் பூட்டை மாற்றிப் பார்த்திருப்பார்கள். பிறகு வாசலில் எலுமிச்சம்பழம் கட்டியிருப்பார்கள். வீட்டுக் குழந்தை பந்தை எங்கே விட்டாலும் அது ஒரே மூலையில் போய் நிற்பதைப் பார்த்த பிறகுதான் எனக்கு போன் வரும். நீங்கள் சிரிக்க வேண்டாம். உங்கள் வீட்டுக் கட்டில் காலுக்கு அடியிலும் மடித்த அட்டை ஒன்று இருக்கும், எனக்குத் தெரியும்.

நான் சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு, தஞ்சாவூரில் இருந்துகொண்டு பழைய வீடுகளின் தரை வேலைகளை எடுத்துச் செய்கிறவள். கூடவே மேஸ்திரி சகாயராஜும் சித்தாள் மல்லிகாவும். மேடு பள்ளத்தை எப்படிச் சரி பண்ணுவது என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். கஷ்டமெல்லாம் எப்போது பண்ணுவது என்பதில்தான். எங்கள் பக்கத்துக் களிமண் கோடையில் சுருங்கி, கால் போகிற அளவுக்கு வெடிக்கும். ஆற்றில் தண்ணீர் வந்து வாய்க்கால் நிரம்பினால் ஊறி உப்பும். மேலே இருக்கிற வீடும் கூடவே ஏறி இறங்கும். அவசரப்பட்டுப் போட்ட டைல்ஸ் அடுத்த பருவத்தில் அப்பளம் மாதிரி எழும்பிக்கொள்ளும். ரொம்பத் தள்ளிப்போட்டாலோ, வீட்டில் யாராவது தடுக்கி விழுவார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் சரியான நேரத்தைப் பிடித்த சிலரை நான் பார்த்திருக்கிறேன்.

சம்பந்தி வீட்டார் வந்த நாள்

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். விவசாயி ராஜேந்திரன் வீட்டு ஹாலில் தென்பக்கம் தரை இறங்கி, சுவரிலிருந்து தரைவரை ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. வீட்டுக்குப் பின்னாலேயே பாசன வாய்க்கால். ஆவணியில் அந்த ஹாலில்தான் மகளுக்கு நிச்சயதார்த்தம். "அதுக்குள்ள மட்டம் பண்ணி டைல்ஸ் போட்டுடுங்கம்மா. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க உட்கார்ற நாற்காலி ஆடக் கூடாது" என்றார். நான் போனது நல்ல கோடை. வாய்க்கால் காய்ந்து கிடந்தது. வெடிப்பின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து இரண்டு முனையிலும் சிமென்ட் அப்பி ஒட்டினேன். வீடு இன்னும் அசைகிறது என்றால் அந்தக் கண்ணாடி தாங்காது. "வாய்க்கால்ல தண்ணி வந்த பிறகும் இது முழுசா இருந்தா மறுநாளே வேலையை ஆரம்பிக்கிறேன்" என்றேன். "கண்ணாடியைக் கேட்டா கல்யாணம் பேச முடியும்?" என்று கோபித்துக்கொண்டு அவர் வேறு கான்ட்ராக்டரைத் தேடக் கிளம்பிவிட்டார்.

தடுத்தது அவர் மனைவி கமலவேணி. தினமும் காலையில் பால் வாங்கி வைத்துவிட்டு அந்தக் கண்ணாடியைப் போய்ப் பார்ப்பாராம். ஆற்றில் தண்ணீர் திறந்து வாய்க்கால் தளும்ப ஆரம்பித்த வாரத்தில் எனக்கு போன் பண்ணி, "உடைஞ்சிடுச்சும்மா" என்றார். குரலில் வருத்தம் இல்லை. பரீட்சை ரிசல்ட் சொல்கிற மாதிரி சொன்னார். பக்கத்தில் நின்ற கணவரிடம் அவர் பேசியதும் எனக்குக் கேட்டது: "டைல்ஸ் போட்டிருந்தா இப்ப டைல்ஸ் உடைஞ்சிருக்கும். வர்றவங்க நம்ம பொண்ணைப் பார்க்கட்டும், தரையை அப்புறம் பார்த்துக்கலாம்." அடுத்த கோடையில் பின்பக்கம் தண்ணீர் கசியாமல் தடுப்புச் சுவர் இறக்கி, புதிதாக ஒட்டிய கண்ணாடி அடுத்த தண்ணீருக்கும் உடையாமல் நின்ற பிறகுதான் அந்த ஹாலை மட்டம் பண்ணிக் கொடுத்தோம்.

ஆனால் எனக்கு மறக்காதது நிச்சயதார்த்த நாள். என்னையும் அழைத்திருந்தார்கள். ஹால் முழுக்க ஜமுக்காளம். மாப்பிள்ளையின் அம்மா உட்கார்ந்ததுமே நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. ராஜேந்திரன் முகம் சுருங்கிப்போனது. கமலவேணி கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. "தரை இறங்கியிருக்கு சம்பந்தி. மண்ணு அடங்கட்டும்னு காத்துக்கிட்டிருக்கோம். இந்தப் பக்கம் வந்து உட்காருங்க" என்றார். அந்த அம்மா எழுந்து நாற்காலியை நகர்த்திக்கொண்டே சொன்னார்: "எங்க வீட்டுலயும் இதே கதைதான் சம்பந்தி, நாங்க வெடிப்புக்கு முன்னாடி பீரோவை வச்சு மறைச்சிருக்கோம்."

தனலெட்சுமியின் ஹால்

நாகப்பட்டினத்தில் மீன் வியாபாரம் செய்யும் தனலெட்சுமிக்குத் தெருவைவிடத் தாழ்ந்த வீடு. ஹால் தரை வாசலிலிருந்து கொல்லைக் கதவை நோக்கிச் சரிந்திருக்கும். உள் அறையில் மட்டும் நடுவே ஒரு பள்ளம். அங்கேதான் இளைய மகள் தையல் மிஷின் போட்டிருந்தாள். மிதிக்க மிதிக்க மிஷின் நகர்ந்து நூல் அறுந்துகொண்டே இருந்தது. பக்கத்து வீட்டிலேயே குடியிருக்கும் மூத்த மருமகன் குமார், தன் வீட்டுத் தரையைக் கண்ணாடி மாதிரி மட்டம் பண்ணி டைல்ஸ் போட்டிருந்தார். மாமியார் வீட்டையும் மொத்தமாக அப்படிப் பண்ணிவிடலாம் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

தனலெட்சுமி ஒரு கேள்வியும் கேட்காமல் இரண்டு அறையையும் நடந்து காட்டிவிட்டு, "தையல் ரூமை இப்பவே பண்ணுங்க, அவ பொழப்பு அது. ஹாலைத் தெருவுல வடிகால் வர்ற வரைக்கும் தொட வேணாம்" என்றார். நான் அவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு வந்ததை அவரே சொல்லிவிட்டார். எனக்கு அப்படியே கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும் போல் இருந்தது. அந்த ஐப்பசியில் புயல் மழை. தெருத் தண்ணீர் எல்லார் வீட்டுக்குள்ளும் நுழைந்தது. மழை விட்டதும் நான் தையல் அறையைப் பார்க்கப் போனேன். தனலெட்சுமி வீட்டு ஹாலில் வந்த தண்ணீர் கொல்லைப்பக்கமாக இறங்கிப் போயிருந்தது; அவர் துடைப்பத்தோடு மிச்சத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார். குமார் பேன்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு, பக்கெட்டும் கையுமாக வந்து வாசலில் நின்றார். தண்ணீர் இறங்கிய வழியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அத்தை, உங்க வீட்டுக்கு வந்த தண்ணி சொல்லாமலே போயிடுது, எங்க வீட்டுக்கு வந்தது ஹால்லயே குடித்தனம் பண்ணுது."

தண்ணீர் வசதி உண்டு

கும்பகோணத்துக்குத் தெற்கே ஒரு பழைய வீட்டை பிரசன்னா, திவ்யா என்ற இளம் தம்பதி வாங்கியிருந்தார்கள். விற்றவர்கள் எல்லாரும் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருந்தார்கள். பிரசன்னா கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறார், திவ்யா நர்ஸ். தவழ்கிற வயதில் ஒரு பெண் குழந்தை. சமையலறையை ஒட்டிய அறையில் தரை இறங்கியிருந்தது. பிரசன்னா வீடியோ பார்த்து, தானாகவே பரவி மட்டமாகும் கலவை மூட்டையை வாங்கி ஊற்றினார். மறுநாள் பார்க்க அழகாக இருந்தது. சில வாரங்களில் பழையபடி பள்ளம். மறுபடி ஊற்றினார். மறுபடியும் பள்ளம். மூன்றாவது மூட்டையைப் பிரிக்கும்போது திவ்யா அதன்மேல் காலை வைத்துக்கொண்டு, "இது வட்டமா இறங்குதுங்க. எப்பவும் அதே வட்டம். ஊத்தாதீங்க, யாரையாவது கூப்பிடுங்க" என்றாராம். அன்றைக்கே குழந்தையின் பாயையும் பொம்மைகளையும் அந்த அறையிலிருந்து எடுத்து, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டார்.

உங்களில் யாராவது பள்ளத்தை நிரப்பி, அது மறுபடி இறங்கி, மறுபடியும் நிரப்பிக்கொண்டிருந்தால் இந்த இடத்தைக் கவனித்துப் படியுங்கள். நிரப்பியும் இறங்குகிற தரைக்கு மேல் பூச்சு மருந்தில்லை, கீழே என்ன என்று பார்க்க வேண்டும். சகாயராஜ் கடப்பாரையின் பின்பக்கத்தால் தட்டினார். ஓரத்தில் தொம் என்று கேட்டது. நடுவில் தட்டியபோது மிருதங்கம் மாதிரி கேட்டது. அவர் என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் பின்னால் நகர்ந்துவிட்டோம். அந்த வட்டத்துக்கு வெளியே பலகை போட்டு, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்தோம். கீழே குறுக்கு நெடுக்காகப் போட்ட பனங்கட்டைகள்; பாதி மக்கிப்போயிருந்தன. அதற்கும் கீழே இருட்டு. ஒரு கல்லை விட்டேன். தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

கிணறு. எந்தக் காலத்திலோ வீட்டை நீட்டிக் கட்டியபோது அதன் வாய்மேல் கட்டையைப் பரப்பி மேலே தரை போட்டிருக்கிறார்கள். பிரசன்னா வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துவிட்டார். திவ்யா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவருகே நின்றபடியே எட்டிப் பார்த்தார். பிறகு என்னிடம் நிதானமாகக் கேட்டார்: மூடுவது நல்லதா, கட்டிவைப்பது நல்லதா, எதற்கு எவ்வளவு நாள், அதுவரை இந்த வீட்டில் இருக்கலாமா. அன்று சாயங்காலமே குழந்தையோடு அம்மா வீட்டுக்குப் போனார்கள். நாங்கள் கிணற்றுக்கு உறை கட்டி உயர்த்தி, கம்பி கட்டிய கான்கிரீட் மூடி போட்டுப் பூட்டும் வைத்தோம். சுற்றிலும் தரையை அதன் பிறகுதான் மட்டம் பண்ணினோம். வீட்டை ஒப்படைத்த அன்று பிரசன்னாவுக்கு முகத்தில் பழைய களை வந்திருந்தது. மூடியைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "விளம்பரத்துல 'தண்ணீர் வசதி உண்டு'ன்னு போட்டிருந்தாங்க மேடம், நாங்க மோட்டார்னு நினைச்சோம்."

மல்லிகா வீடு

எங்கள் சித்தாள் மல்லிகாவின் தொகுப்பு வீட்டில் தரை சொட்டை சொட்டையாகப் பெயர்ந்து கிடந்தது. ஊரார் வீட்டுத் தரைக்கெல்லாம் கலவை சுமக்கிறவள் தன் வீட்டில் பள்ளத்தில் பாய் விரித்துப் படுக்கிறாளே என்று எனக்கு உறுத்தல். வேலைகளில் மீந்த டைல்ஸ் வீணாகக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை எல்லாருமாகப் போய்ப் போட்டுவிடலாம் என்று சகாயராஜும் சொன்னார். மல்லிகா ஒப்புக்கொள்ளவே இல்லை. அவளுக்கு வெட்கம் என்று நாங்கள் நினைத்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே எங்களைக் கூப்பிட்டாள். போனால் தரை வேலைக்கான எதுவும் இல்லை, ஏணி சாத்தியிருந்தது. கூரைத் தளத்தில் வெடித்த இடமெல்லாம் சுரண்டிக் கழுவித் தயாராக வைத்திருந்தாள். அவள் கணவர் மேலே நின்றார். மூன்று வருஷ மழையும் அந்த ஓட்டைகள் வழியாகத்தான் இறங்கித் தரையைத் தின்றிருந்தது. தளத்தை அடைத்தோம். ஒரு மழைக்காலம் முழுக்க ஒழுகவில்லை என்று பார்த்த பிறகு தை மாதம் தரைக்கு நாள் சொன்னாள். நீலம், பச்சை, பூப்போட்டது என்று எத்தனையோ வீட்டு மிச்சத்தில் போட்ட அந்தத் தரையைப் போல் அழகான தரையை நாங்கள் வேறெங்கும் போட்டதில்லை. அப்போதே ஏன் வேண்டாம் என்றாய் என்று கேட்டேன். "மேல ஒழுகுறதை விட்டுட்டுக் கீழ பூசிக்கிட்டிருந்தா, நானும் நம்ம கஸ்டமர் ஆயிட மாட்டேனாக்கா?"

அண்ணன் பக்கம், தம்பி பக்கம்

திருவையாற்றுப் பக்கம் ஒரு பெரிய வீடு. அண்ணன் பக்கிரிசாமி, தம்பி கலியமூர்த்தி. பாகம் பிரித்துக்கொண்டு, நடு ஹாலில் பெயின்ட்டால் கோடு போட்டுக்கொண்டு வாழ்ந்தார்கள். பேச்சு கிடையாது. ஹாலின் நடுப்பகுதி, அதாவது சரியாக அந்தக் கோடு ஓடும் இடம், உட்கார்ந்துபோயிருந்தது. ஒரே வாரத்தில் இருவரும் எனக்குத் தனித்தனியாக போன் பண்ணினார்கள். இரண்டு பேரும் கேட்டது ஒன்றுதான்: என் பக்கத்தை மட்டும் மட்டம் பண்ணுங்கள், அவன் பக்கத்தைவிட ஒரு விரல் கடையாவது ஒசத்தி இருக்கட்டும். ஒரே அஸ்திவாரத்தின் மேல் பாதியை மட்டும் ஏற்றினால் இணைப்பில் வெடிக்கும், கழுவுகிற தண்ணீர் அடுத்தவர் அறைக்குள் போகும் என்று இருவரிடமும் சொன்னேன். "அப்ப வேணாம்" என்று இருவரும் போனை வைத்துவிட்டார்கள்.

பிறகு ஒருநாள் தம்பி மனைவி சுமதி சாதம் வடித்த கஞ்சியோடு வந்தபோது அந்தப் பள்ளத்தில் கால் பிசகி விழுந்தார். கை வெந்துவிட்டது. கோட்டைத் தாண்டி ஓடிவந்து தூக்கியவர் அண்ணன் மனைவி செல்லம். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அவர்தான். திரும்பி வரும் வழியிலேயே ஓரகத்திகள் இருவரும் ஆட்டோவில் உட்கார்ந்து எனக்கு போன் போட்டார்கள். "எப்ப பண்ணலாம்னு நாங்க சொல்றோம், நீங்க ரெடியா இருங்க" என்றார் செல்லம். சொன்ன நேரம் சம்பா அறுவடை முடிந்த பிறகு. அண்ணனும் தம்பியும் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு, மழை வந்துவிடுமோ என்று தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு, ஆளுக்கொரு குவியலுக்குக் காவல் இருந்தார்கள். பக்கத்துப் பக்கத்துக் குவியல்தான், அங்கேயும் பேச்சில்லை. சோறு மட்டும் வீட்டிலிருந்து ஒரே தூக்குவாளியில் போனது.

அந்த நாட்களில் ஹால் முழுக்கப் பெயர்த்து, எலி வளையெல்லாம் அடைத்து, மணல் இடித்து, ஒரே மட்டமாகச் சிவப்பு சிமென்ட் தரை போட்டு முடித்தோம். கோடு போயே போய்விட்டது. நெல் எடைக்குப் போனதும் இருவரும் வீடு திரும்பினார்கள். கத்துவார்கள் என்று நான் பயந்து நின்றேன். பக்கிரிசாமி சகாயராஜ் கையிலிருந்த ரசமட்டத்தை வாங்கித் தம்பி பக்கம் வைத்துப் பார்த்தார். கலியமூர்த்தி அதை எடுத்து அண்ணன் பக்கம் வைத்துப் பார்த்தார். இரண்டு இடத்திலும் குமிழி நடுவில் நின்றது. யாருக்கும் யார் மேலும் குறை சொல்ல வழியில்லை. சுமதி கட்டுப் போட்ட கையோடு சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். செல்லம் அவர் தோளில் கை போட்டுக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படியாகவே சொன்னார்: "அளந்து பார்த்துட்டீங்கல்ல, ரெண்டு பேரும் ஒரே மட்டந்தான்."

கட்டிலிலிருந்து குளியலறை வரை

கூத்தாநல்லூரில் ஹாஜா மைதீன் வீடு நீளமான வீடு. வெளிநாட்டுச் சம்பாத்தியம் வர வர ஒவ்வொரு அறையாகப் பின்னால் சேர்த்துக் கட்டியது. அதனால் ஒவ்வொரு அறைத் தரையும் ஒவ்வொரு உயரம். ஒவ்வொரு நிலைப்படியும் ஒரு தடுக்கல். அவருக்குப் பக்கவாதம் வந்து திருவாரூர் ஆஸ்பத்திரியில் இருந்தார். பிழைத்துவிட்டார், வலது காலும் கையும் சரியில்லை, பேச்சு குழறியது. வீட்டுக்குப் போனதும் தினமும் நடக்க வேண்டும், தள்ளிப்போட்டால் கால் மரத்துவிடும், ஆனால் ஒரு தடவைகூட விழக் கூடாது என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். துபாயிலிருந்து மகன் போனில் என்னிடம் பேசினான். வீடு முழுக்க உடைத்து, ஒரே மட்டமாக்கி, கிரானைட் போட வேண்டும், அத்தா வரும்போது வீடு ஜொலிக்க வேண்டும் என்றான். நல்ல பிள்ளை. ஆனால் அந்த வேலை முடிவதற்குள் அத்தா எங்கே படுப்பார், எங்கே நடப்பார்?

அவன் அம்மா ஜுனைதா பேகம் போனை வாங்கினார். "கிரானைட்டை நீ லீவுல வரும்போது போட்டுக்கலாம் தம்பி. இப்ப உங்க அத்தாவுக்கு வழி வேணும்" என்று வைத்துவிட்டார். பிறகு அவர் செய்ததை நான் எந்தப் படிப்பிலும் படித்ததில்லை. நடக்கப் பிடித்துக்கொள்ளும் வாக்கரை ஆஸ்பத்திரியிலிருந்து முன்னாடியே வாங்கி வந்திருந்தார். தன் வலது கையைத் துப்பட்டாவால் உடம்போடு கட்டிக்கொண்டார். வலது காலை இழுத்து இழுத்து, கட்டிலிலிருந்து குளியலறை வரைக்கும், அங்கிருந்து சாப்பாட்டு மேஜை வரைக்கும் நடந்தார். கால் தட்டிய இடத்தில் எல்லாம் நின்று, "இங்க" என்பார். மல்லிகா சாக்பீஸால் குறி போடுவாள். ஓரிடத்தில் நிஜமாகவே விழப்போய் நான் பிடித்தேன். மூச்சு வாங்கிக்கொண்டே, "நான் விழுந்தா எந்திரிச்சுக்குவேன்மா, குறியைப் போடச் சொல்லு" என்றார்.

அந்தக் குறிகள்தான் எங்களுக்கு வரைபடம். வீட்டில் மற்ற எதையும் தொடவில்லை. அந்த வழியில் மட்டும் நிலைப்படிகளை அறுத்து, உயரம் மாறும் இடத்தில் சரிவு கொடுத்து, வழுக்காத சொரசொரப்பான டைல்ஸைப் பதித்து, சுவரோரம் பிடிமானக் கம்பி அடித்தோம். ஹாஜா மைதீன் வந்த அன்று நாங்கள் மூவரும் ஒரு ஓரமாக நின்றோம். அவர் வாக்கரைப் பிடித்து எழுந்தார். ஜுனைதாம்மா தொடவில்லை, ஒரு கை தூரத்தில் கூடவே நடந்தார். முதல் நிலையைத் தாண்டினார், இரண்டாவதைத் தாண்டினார். நடுவழியில் நின்றுவிட்டார். நான் ஒரு அடி முன்னால் எடுத்து வைத்தேன். அவர் குனிந்து, கட்டிலடியிலிருந்து குளியலறை வரை வீட்டுக்கு நடுவே நேராக ஓடும் அந்தச் சாம்பல் நிறப் பட்டையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். வாய் ஒரு பக்கம் கோணி, வார்த்தை ஒவ்வொன்றாக வந்தது: "ரோடு... போட்டுட்டே... ஜுனைதா... டோல்கேட்டு எங்க?"

மொத்தத்தில், எங்கள் பக்கத்தில் தரை வேலை செய்து பிழைக்க வேண்டுமென்றால் கையில் ஒரு ரசமட்டமும், வந்த வேலையை "இப்ப வேணாங்க" என்று தட்டிவிட்டு அவர்கள் கொடுக்கிற காபியைக் கூச்சமில்லாமல் குடிக்கிற முகமும் இருந்தால் போதும்.